மோட்டர் பெரிதானால் மீன் மூச்சு விடுமா?

கேள்வி: எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி இருக்கிறது. ஆறு கோல்ட் பிஷ்சும் பத்துப் பன்னிரண்டு கப்பியும் விட்டிருக்கிறோம். கொஞ்சம் செடியும் உண்டு. விடியப்புறம் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் நன்றாகச் சுற்றினால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னதால் மணிக்கு 1500 லீற்றர் இறைக்கும் 25 வாற்று மோட்டர் ஒன்றை வாங்கி, மேலே வைக்கும் வடிகட்டிப் பெட்டியோடு இடது மூலையில் பூட்டினோம். பிறகும் அப்படித்தான். கப்பிகளோ கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வருவதில்லை. வலது மூலையில் அழுக்குக் குவிகிறது. மின்கட்டணத்தையும் சத்தத்தையும் நினைத்து இரவில் மோட்டரை நிறுத்திவிடுகிறோம். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் மோட்டரும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் மீன் வளர்ந்ததுதானே என்று அம்மம்மா கேட்கிறார். இன்னும் பெரிய மோட்டர் வாங்க வேண்டுமா?

– வாசகி, பளை

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டிக்கு இந்த மோட்டரே அதிகம். நீங்கள் தந்த அளவுப்படி தொட்டி ஏறத்தாழ 160 லீற்றர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாவற்றையும் கழித்தால் 130 லீற்றர் தண்ணீர் நிற்கும். அதை மணிக்கு நான்கைந்து தடவை சுற்றவிட்டால் போதும் என்பது மீன் வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. உங்களுடைய மோட்டர் பெட்டியில் எழுதியபடி பதினொரு தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். பெட்டியில் எழுதுவது வடிகட்டியும் குழாயும் பூட்டாமல், தண்ணீரை உயர்த்தாமல் அளந்த அளவு. ஆகவே பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் ஐந்தாறு தடவை வருகிறது. இறைக்கும் அளவில் குறையே இல்லை. தண்ணீர் எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறது, எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற இரண்டில்தான் பிழை இருக்கிறது. தொட்டிக்குள் நிற்கும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் முறை வைத்து மேற்பரப்புக்கு வந்து போகிறதா என்று பாருங்கள். சுற்றோட்டம் நல்லதா கெட்டதா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். மோட்டரின் வலு அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

ஏன் மேற்பரப்பு? 30 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. அதே சூட்டில் காற்றோடு சமநிலையில் நிற்கும் ஒரு லீற்றர் நன்னீரில் கரைந்திருப்பது 7.5 மில்லிகிராம்தான். இந்தச் சொற்பத்தை நம்பித்தான் மீன் உயிர் வாழ்கிறது. அதுவும் பெரும்பாலும் தண்ணீரின் முகத்தால்தான் உள்ளே நுழைகிறது. நுழைந்த ஒட்சிசன் அசையாத தண்ணீருக்குள் தானாகப் பரவிக் கீழே இறங்கும் வேகம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஒரு சென்ரிமீற்றர் ஆழம் போக ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால், உங்கள் தொட்டியின் அடிக்குப் போய்ச் சேர ஒரு வருடத்துக்குக் குறையாது! உண்மையில் எந்தத் தொட்டியும் அவ்வளவு அசையாமல் நிற்பதில்லை. மீன் வாலை ஆட்டுகிறது. இரவில் மேல்தண்ணீர் குளிர்ந்து பாரமாகிக் கீழே இறங்குகிறது. ஆனால் ஆறு கோல்ட் பிஷ்சின் பசிக்கு அந்த அசைவு காணாது. ஒட்சிசனைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி தண்ணீரின் ஓட்டம்தான். எந்த மூலைக்கு அந்த வண்டி போகவில்லையோ அந்த மூலையில் அழுக்கு அழுகத் தொடங்கி, இருக்கிற ஒட்சிசனையும் குடித்துவிடும். உங்கள் வலது மூலைக் குவியல் கண்ணுக்கு அசிங்கம் என்பதோடு நிற்பதில்லை. அங்கே ஓட்டம் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

காற்றுக்கல்லில் இருந்து வரும் குமிழிதான் தண்ணீருக்குள் ஒட்சிசனை ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். குமிழி ஒன்று உங்கள் தொட்டியின் அடியில் இருந்து மேலே வர இரண்டு செக்கன் போதும். அந்த நேரத்துக்குள் அதிலிருந்து கரைவது கொஞ்சம். குமிழிகளின் பெரிய வேலை வேறு: ஏறும்போது அடித்தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறுகின்றன, மேலே வந்து உடையும்போது தண்ணீரின் முகத்தைக் கலைக்கின்றன. தீனியில் இருந்து கசியும் எண்ணெய்ப்படலம் தண்ணீர் முகத்தை மூடிக்கொண்டால் காற்று உள்ளே போவது தடைப்படும். அதையும் இந்தக் கலைப்பு உடைத்துவிடும். சின்னக் காற்றுப் பம்பி ஒன்று பெரிய மோட்டரை விட மீனுக்கு உதவுவது சில வேளை இதனால்தான்.

இனி உங்கள் தொட்டியின் வழியைப் பார்ப்போம். மோட்டர் இடது மூலையில் உறிஞ்சுகிறது. பெட்டியில் வடிந்த தண்ணீர் அதே மூலையில் செங்குத்தாக விழுகிறது. விழுந்த தண்ணீரையே மோட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இடதுபக்கத்து இருபது முப்பது லீற்றர் மணிக்கு எத்தனையோ தடவை வடிபட, வலதுபக்கம் தேங்கிக் கிடக்கிறது. இந்த ஏற்பாட்டில் மோட்டரைப் பெரிதாக்கினால் இடது மூலை இன்னும் கொந்தளிக்கும். வலது மூலைக்கு ஒன்றும் கிடைக்காது. கப்பி ஒளிவதும் இந்தக் கொந்தளிப்புக்குப் பயந்துதான். என் சொல்லை நம்ப வேண்டியதில்லை, நீங்களே சோதிக்கலாம். பளையில் ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. நீளமான ஈர்க்கு ஒன்றின் நுனியில் இரண்டு அங்குலத் தையல் நூலைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, மேல், நடு, அடி என்று ஒவ்வொரு மூலையிலும் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம். நூல் தொங்கிக் கிடக்கிற இடம் செத்த இடம். விமானச் சிறகில் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கவும் பொறியியலாளர்கள் இப்படித்தான் நூல் துண்டுகளை ஒட்டிப் பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாக உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

திருத்தம் இலேசானது. வடிகட்டிப் பெட்டியின் வாயில் ஒரு எல்போவும் அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டும் பூட்டி, தண்ணீர் மேற்பரப்பை உரசியபடி தொட்டியின் நீளவாட்டில் வலதுபக்கம் நோக்கிப் போகும்படி திருப்புங்கள். போன தண்ணீர் வலதுபக்கக் கண்ணாடியில் முட்டிக் கீழே இறங்கும். அடியைத் தழுவிக்கொண்டு இடதுபக்கம் திரும்பும். வரும் வழியில் அழுக்கையும் சேர்த்து இழுத்து வரும். உறிஞ்சும் வாய் இடதுபக்கமே, அடியோடு அண்டியபடி இருக்கட்டும். கற்களைக் கண்ணாடியோடு ஒட்டி அடுக்கியிருந்தால் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் வலது மூலையில் இறங்கும் தண்ணீருக்குத் திரும்பி வர வழி இராது. குழாயில் இருந்து வரும் வேகம் கூடுதலாகத் தெரிந்தால், தொட்டியின் அகலத்துக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி இடதுபக்கச் சுவரோடு குறுக்கே வைத்து, அதன் நுனியை அடைத்து, ஒரே வரிசையில் துளை போடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாய்ப் பரப்பை விடக் குறையக் கூடாது. உள்விட்டம் 15 மில்லிமீற்றர் உள்ள குழாய்க்கு 3 மில்லிமீற்றர் துளை 25 வேண்டும். குறைத்துப் போட்டால் தண்ணீர் ஊசிபோல் பாயும். கப்பிகள் மறுபடியும் கல்லுக்குப் பின்னால் போய்விடும்.

காற்றுக்கல் வைக்கும் இடத்திலும் வழக்கமான பிழை ஒன்று நடக்கிறது. மோட்டர் இடதுபக்கம் என்றால் காற்றுக்கல் வலதுபக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகும் என்று வைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன சுற்றில் தண்ணீர் கீழே இறங்குவது வலதுபக்கம். அங்கே குமிழியை ஏறவிட்டால் இறங்கும் ஓட்டமும் ஏறும் ஓட்டமும் மோதி இரண்டும் கெடும். ஏற்றம் தேவைப்படுவது இடதுபக்கத்தில். உறிஞ்சும் வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி இடதுபக்க அடியில் கல்லை வையுங்கள். அதைவிடக் கிட்ட வைத்தால் மோட்டர் குமிழியை விழுங்கிக் கரகரக்கும்.

இப்போது நேரத்துக்கு வருவோம், ஏனென்றால் விடியப்புற மூச்சுத்திணறலுக்கு முதற்காரணம் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் உள்ளபோது செடி ஒட்சிசனைத் தருகிறது. இருட்டியதும் அதுவும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. இரவு முழுக்கச் செலவே தவிர வரவில்லை என்பதால் தொட்டியில் ஒட்சிசன் மிகக் குறையும் நேரம் விடிவதற்குச் சற்று முன். சரியாக அந்த இரவில்தான் நீங்கள் மோட்டரை நிறுத்துகிறீர்கள். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பற்றீரியாவையும் மறக்க வேண்டாம். மீன் கழிக்கும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது அவைதான். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்ற அவற்றுக்கு நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். ஓட்டம் நின்றால் பஞ்சுக்குள் தேங்கிய தண்ணீரின் ஒட்சிசனை அவை குடித்து முடித்துவிடும். பிறகு சாகத் தொடங்கும். காலையில் ஆளியைப் போட்டதும் முதலில் தொட்டிக்குள் விழுவது அந்தக் கெட்ட தண்ணீர். மின்கட்டணக் கவலை நியாயமானதுதான். 25 வாற்று மோட்டர் இரவுபகல் ஓடினால் மாதம் 18 அலகு. நம் நாட்டுக் கட்டண முறையில் அது ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடக் கூடும். ஆனால் 8 வாற்று மோட்டர் ஒன்றும் 4 வாற்றுக் காற்றுப் பம்பி ஒன்றும் 24 மணித்தியாலமும் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 9 அலகு கூட வராது. இப்போது பகலில் மட்டும் பெரிய மோட்டரை ஓட்டுவதற்கே நீங்கள் ஏறத்தாழ அவ்வளவு கட்டுகிறீர்கள்.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டர் எடுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரிலேயே சேரும் என்பதும் கணக்கில் எடுக்க வேண்டிய விடயம். 25 வாற்று, 130 லீற்றர் தண்ணீரை ஆறு மணித்தியாலத்தில் ஒரு பாகை சூடாக்கப் போதும். வெளியே போகும் வெப்பத்தைக் கழித்தாலும் மிச்சம் மீனுக்குப் பாரம்தான். 20 பாகையில் 9 மில்லிகிராம் பிடிக்கும் தண்ணீர் 30 பாகையில் 7.5தான் பிடிக்கும், சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படுவதோ கூடும். பளையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நிர்வாகத்தில் நீங்கள் கிளிநொச்சி மாவட்டம், நிலத்தடியில் குடாநாடு. ஆனையிறவுக்கு வடக்கே மணலுக்கு அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் வன்னீர்; காற்றுப்பட்டபின் அதன் பீஎச் 8-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். அமோனியாவின் நச்சு வடிவம் பீஎச் 7-இல், 30 பாகையில், நூற்றுக்கு ஒன்றும் இல்லை. பீஎச் 8-இல் அது ஏழரை வீதமாகிவிடும். மென்னீர்ப் பிரதேசத்தில் ஒருவருக்குப் பொறுக்கும் அழுக்கு உங்களுக்குப் பொறுக்காது. ஆகவே அழுக்கு மூலை இல்லாமல் சுற்றவிடுவது உங்களுக்குக் கொழும்புக்காரரை விட அவசியம்.

சூட்டைக் குறைக்கும் வழியும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 130 லீற்றரை நாலரைப் பாகை குளிரவைக்கும் அளவு. அறைச்சூடு திரும்ப உள்ளே வருவதால் முழுப்பலன் கிடைக்காது. ஆனாலும் ஓரிரண்டு பாகை இறங்கும். சோளகம் புலோப்பளைக் காற்றாலைகளைச் சுழற்றும் மாதங்களில் அந்தக் காற்று விறாந்தைக்கும் வரும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். காற்று தண்ணீரின் முகத்தில் படட்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். ஆனையிறவில் உப்பு விளைவதும் இந்த விதிப்படிதான். குறைந்த தண்ணீரைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில மாதத்தில் தொட்டித் தண்ணீர் இன்னும் கடினமாகிவிடும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முடிந்தால் குறையை நிரப்பச் சேமித்த மழைநீரைப் பாவியுங்கள். கூரை கழுவிய முதல் மழைத் தண்ணீர் வேண்டாம். கிணற்றில் இருந்து அள்ளிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். ஒரு இரவு வாளியில் காற்றுக்கல் போட்டு வைத்த பிறகு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றாலும் குளோரீன் போக அதே வைத்தியம்தான்.

இனி அம்மம்மாவின் கேள்வி. அது இலேசில் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை. 1850-இல் இலண்டனில் ரொபேர்ட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி எடுக்கும், செடி விடும் ஒட்சிசனை மீன் எடுக்கும். இரண்டும் சமநிலையில் நின்றால் தண்ணீரை மாற்றவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம் என்ற எண்ணம் அவருடைய சோதனையில் இருந்து பரவியது. ஆனால் பெரிய காட்சித்தொட்டிகளை நடத்தப் போனவர்கள் அதில் நிற்க முடியவில்லை. வில்லியம் அல்போர்ட் லோயிட் 1864-இல் ஹம்பேர்க்கிலும் 1871-இல் இலண்டன் கிறிஸ்ரல் பலசிலும் மீன்காட்சியகங்களை அமைத்தபோது, காட்சித்தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தாங்கியைக் கீழே கட்டி, இரண்டுக்கும் இடையில் தண்ணீரை ஓயாமல் சுற்றவிட்டார். கிணற்றடித் தொட்டி மோட்டர் இல்லாமல் பிழைத்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. அது பரந்தது, ஆழம் குறைந்தது. வாளி போட்டு அள்ளுவதும் ஊற்றுவதுமாகத் தண்ணீர் நாள்தோறும் கலக்கப்பட்டது. வெட்டையில் காற்று அதன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. மீனும் கொஞ்சம், தீனியும் கொஞ்சம். அங்கே சுற்றோட்டம் இருந்தது; மோட்டர்தான் இருக்கவில்லை. போதாததற்கு, அந்தக் காலத் தொட்டிகளில் விட்ட மீன்களில் சில வெளிக்காற்றையே சுவாசிக்கக் கூடியவை. விரால், கொறாமி, ஃபைட்டர் போன்றவற்றுக்கு அதற்கென ஒரு உறுப்பு உண்டு. கோல்ட் பிஷ்சுக்கு இல்லை.

ஓட்டம் கூடினால் மீன் களைத்துப்போகும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. நீண்ட செட்டை வளர்த்த ஃபைட்டரையும் விசிறிவால் கோல்ட் பிஷ்சையும் பாயும் ஓட்டத்தில் விடக் கூடாது. ஏஞ்சல் மீன் அமேசனின் மெதுவான நீரில் இருந்து வந்தது. இந்த மறுப்பு வேகத்துக்குப் பொருந்தும், சுற்றுக்குப் பொருந்தாது. துளைக்குழாயால் பரப்பிய ஓட்டம் தொட்டி முழுக்கப் போகும், ஆனால் எந்த இடத்திலும் மீனைத் தள்ளாது. ஈர்க்கு நூல் சாய வேண்டும். விறைத்துப் படுத்துவிடக் கூடாது. மீன் நின்ற இடத்தில் வாலை அடித்துக்கொண்டே இருந்தால் வேகம் கூட. குழாயைக் கண்ணாடிப் பக்கம் சற்றுத் திருப்பிவிடுங்கள். மேற்பரப்பு கலைந்தால் செடிக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு பறந்துவிடும் என்று செடி வளர்ப்போர் சொல்வார்கள். சிலிண்டர் வைத்து அந்த வாயுவைச் செலுத்துகிறவர்களுக்கு அது சரியான கவலை. உங்களைப் போல் வெறும் செடி வைத்திருப்பவருக்கு நிலைமை நேர்மாறு: பகலில் செடி தின்று தீர்த்த காபனீரொட்சைட்டைக் காற்றில் இருந்து திரும்பக் கொண்டுவருவதும் அதே மேற்பரப்புத்தான்.

மின்வெட்டுக்கு ஒரு ஏற்பாடு வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9-இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்கை நாம் ஒன்றும் செய்ய முடியாது. பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பி ஒன்றும் அதில் பூட்டும் பஞ்சு வடிகட்டி ஒன்றும் வாங்கி வைக்கலாம். பஞ்சு வடிகட்டி முன்கூட்டியே தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அதில் பற்றீரியா குடியேறியிருக்கும். அந்தப் பம்பி இல்லாத இரவில் ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி ஒரு சாண் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றுங்கள். மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் ஊற்றினாலே மீன் விடியும் வரை தாக்குப்பிடிக்கும். மின்சாரம் போன அன்று தீனி போட வேண்டாம். மின்சாரம் பல மணித்தியாலம் நின்று திரும்ப வந்தால், வடிகட்டிப் பெட்டியில் தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிய பிறகு ஆளியைப் போடுங்கள்.

130 லீற்றருக்கு ஆறு கோல்ட் பிஷ் வளர வளரக் கூடுதலாகிவிடும். மூன்றோடு நிறுத்துவது நல்லது. குழாயைத் திருப்பி, இரவிலும் ஓடவிட்டு, ஒரு வாரம் பாருங்கள். விடியப்புறம் மட்டும் வந்த மூச்சுத்திணறல் நின்றுவிட வேண்டும். மேற்பரப்பு நன்றாகக் கலைந்தும் பகலிலேயே மீன் மேலே நின்று வாய் திறந்தால், அல்லது மீனின் பூக்கள் (செவுள்கள்) சிவந்தோ பழுப்பு நிறமாகவோ தெரிந்தால், அது ஒட்சிசன் குறைவு இல்லை. அமோனியாவோ நைத்திரைற்றோ ஏறியிருக்கிறது. அப்போது மோட்டரைத் தொடாமல் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தி, மீன்கடையில் விற்கும் சோதனைத் துளிகளால் அந்த இரண்டையும் அளந்து பாருங்கள்.